ஒட்டாவால கோட்டை கட்டின கதை (டம்ளர் தொலைஞ்ச கதையும்)

நான் கொத்தனார் மகன். அதை முதல்லயே சொல்லிடறேன், அது தெரிஞ்சாதான் எனக்கு நடந்த அவமானம் உங்களுக்குப் புரியும். தென்காசிப் பக்கம் எங்கப்பா கட்டின சுவர் ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் சாயல, ஸ்கூல் லீவு விட்டா செங்கல் நனைக்கறது, நூல் பிடிக்கறது, கலவைச் சட்டி தூக்கறதுன்னு நானும் கூடவே போயிருக்கேன். அதனால அக்கா பிள்ளைங்க வீடியோ கால்ல "மாமா, நீங்க வந்ததும் ஸ்நோ ஃபோர்ட் கட்டலாமா"ன்னு கேட்டப்ப, "கோட்டைதானே, அரை நாள் வேலைடா"ன்னு வாய்விட்டுட்டேன்.

அக்கா வீடு கனடால, ஒட்டாவால. ஒரு வருஷத்துக்கு சராசரியா 2 மீட்டருக்கு மேல ஸ்நோ கொட்டற ஊரு. நான் போனது பிப்ரவரி. விசா, ஃபிளைட், ஏர்போர்ட்ல ஊறுகாய் பாட்டிலைக் காட்டி விளக்கம் சொன்னது எல்லாம் எல்லாரும் எழுதறதுதான், விட்டுடறேன்.

போய் இறங்கின மறுநாள் காலைல மைனஸ் 19. பின்பக்கக் கதவைத் திறந்தா வேலி பாதி மறையற அளவுக்கு வெள்ளை, மேல பளிச்சுன்னு வெயில். வெயிலைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அது சும்மா படத்துக்கு. டிரஸ் பண்ணவே இருபது நிமிஷம் ஆச்சு, உள்ள ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, மேல ஸ்நோ பேன்ட், பூட்ஸ், தொப்பி, கழுத்துக்கு ஒரு உறை, கடைசில கைக்கு மிட்டன், எல்லாத்தையும் மாட்டி முடிச்சு கதவுகிட்ட வந்து நிக்கறப்ப சின்னவன், ஏழு வயசு, "மாமா, பாத்ரூம்"ங்கறான். இது அந்த ஊர்ல எல்லா வீட்லயும் நடக்கும்னு அக்கா சிரிக்கறா. திரும்ப முதல்லேருந்து.

செங்கல் அச்சுக்கு என்ன பண்றதுன்னா, அங்க வீட்டுக்கு வீடு ரீசைக்ளிங் தொட்டி உண்டு, கறுப்புத் தொட்டி பேப்பருக்கு, நீலத் தொட்டி பாட்டில் டின்னுக்கு. நீலத்தைக் கவுத்து காலி பண்ணி எடுத்துட்டு வந்தோம். ஸ்நோவை அள்ளிப் போட்டு, மிதிச்சு, தட்டி, கவுத்து, ரொம்ப ஸ்டைலா தொட்டியைத் தூக்கினேன். ரவை. வறுத்த ரவையைக் கொட்டின மாதிரி பொலபொலன்னு சரிஞ்சு ஒரு மேடாயிடுச்சு. சரி, நல்லா அழுத்தலைன்னு இன்னும் ரெண்டு தடவை. அதேதான். உருண்டை பிடிக்கலாம்னா கையில நிக்கவே இல்ல, ஊதினா பறக்குது. பெரியவ, பதினொரு வயசு, மரியாதையான பொண்ணு, ஒண்ணும் சொல்லல. சின்னவன் சொல்லிட்டான், "மாமாக்குத் தெரியல."

ஒரு மணி நேரம் அந்தப் பொடியையே கோபத்துல ஒரு மூலைல குவிச்சு வச்சோம், என் நெஞ்சு உயரத்துக்கு வந்துடுச்சு. சும்மாதான், வேற என்ன பண்றதுன்னு தெரியாம. போட்டோ எடுக்கலாம்னு போனை எடுத்தா அறுபது சதவீதம் காட்டின பேட்டரி அப்படியே செத்துப்போச்சு.

பக்கத்து வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். முப்பது வருஷத்துக்கு மேல கனடால இருக்கார். வேலிக்கு அந்தப் பக்கம் வழி துப்புரவு பண்ணிட்டு இருந்தவர் நிறுத்திட்டுப் பாத்துட்டே இருந்திருக்கார் போல.

"தம்பி, உது ஒட்டாது. இண்டைக்குக் குளிர் கூட எல்லோ. ஸ்னோ நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. ரெண்டு நாள் பொறுங்கோ, புதன்கிழமை பூச்சியத்துக்குக் கிட்ட வருமாம்."

"குளிர் அதிகமா இருந்தா நல்லா கெட்டியாதானே ஆகணும் அண்ணே?"

"இல்லைத் தம்பி. கையில பிடிச்சா பிடி நிக்க வேணும், பிழிஞ்சா தண்ணி வரக்கூடாது. அந்தப் பதம் வேணும்."

எனக்கு அங்கதான் பொறி தட்டிச்சு. புட்டு மாவு! பிடிச்சா பிடியா நிக்கணும், உதுத்தா உதிரணும். ஈரம் பத்தலைன்னா மாவு ஒட்டாது, கூடிட்டா களி. ஸ்நோவும் அதேதான், பூச்சியத்தை ஒட்டி வர்றப்ப ஒவ்வொரு பரல் மேலயும் மெல்லிசா ஒரு ஈரம் படருது, அந்த ஈரம்தான் பசை. மைனஸ் 19ல அந்த ஈரமே கிடையாது, எத்தனை மிதிச்சாலும் மணல்தான். வெளில தண்ணி மொத்தமும் உறைஞ்சு கிடக்கு, ஆனா ஈரம் இல்லாததுதான் பிரச்சனைன்னா எங்க போய் சொல்றது.

நடுவுல கிடைச்ச ரெண்டு நாள்ல ரீடோ கால்வாய்க்குப் போனோம். 1832ல திறந்த கால்வாய், ஒட்டாவாலேருந்து கிங்ஸ்டன் வரைக்கும் 202 கிலோமீட்டர், அதுல ஊருக்குள்ள வர்ற 7.8 கிலோமீட்டரைக் குளிர்காலத்துல ஸ்கேட்டிங் பாதையாக்கிடறாங்க. ஐஸ் ஒரு 30 சென்டிமீட்டராவது இறுகினாதான் விடுவாங்க, பச்சைக்கொடி போட்டா போகலாம், சிவப்புன்னா கிடையாது. 2023 சீசன்ல குளிர் பத்தாம மொத்தமாவே திறக்கலையாம், ஆரம்பிச்சதுலேருந்து அதுதான் முதல் தடவை. நான் ஸ்கேட் போட்டுட்டு எட்டு அடி போனேன், அதுல ஐந்து அடி உட்கார்ந்துட்டே. அப்புறம் பீவர்டெய்ல்னு நீளமா தட்டிப் பொரிச்சு மேல சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவித் தர்றது ஒண்ணு வாங்கித் தின்னோம், நம்ம பூரிமேல சீனி போட்டுத் தர்ற மாதிரிதான், ஆனா அந்தக் குளிர்ல சூடா கையில வாங்கறப்ப வேற எதுவும் வேணாம்னு தோணும்.

புதன்கிழமை. காலைல எழுந்ததும் பல்லுகூட விளக்காம பின்பக்கம் ஓடி ஒரு பிடி பிடிச்சேன். நின்னுச்சு. பிடிச்ச விரல் ரேகையெல்லாம் அதுல பதிஞ்சு, கொழுக்கட்டை மாதிரி. பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் பொறுக்க முடியல, வந்ததும் பேக்கை வாசல்லயே போட்டுட்டு இறங்கிட்டோம்.

தொட்டி நிறைய ரொப்பினா ஒரு கட்டி இருபது கிலோவுக்கு மேல வருது, இடுப்பு போயிடும், அதனால பாதி. அரைவட்டமா கோடு போட்டு முதல் வரிசையை நானே வச்சேன். இங்க கொத்தனார் ரத்தம் வேலை செஞ்சுது, கீழ் வரிசை ஜாயின்ட்டுக்கு நேரா மேல் வரிசை ஜாயின்ட் வரக்கூடாது, கல்லு நடு மேல கல்லு மூட்டு, ஒவ்வொரு வரிசையும் உள்பக்கம் ஒரு விரல்கடை சாய்வு, சந்துல எல்லாம் ஸ்நோவை விரலால திணிச்சுப் பூசணும்னு பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தா அவ பிடிச்சுட்டா, சின்னவன் மட்டும் பூசறதுக்குப் பதிலா தின்னுட்டு இருந்தான்.

அப்பதான் ஒண்ணு கவனிச்சோம். முதல் நாள் கோபத்துல குவிச்சு வச்ச மேடு இருக்கே, அதுல ஷவலைக் குத்தினா டக்குன்னு நிக்குது. இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு நாள் முன்னாடி ஊதினா பறந்த அதே பொடி! வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டா அண்ணன் ரொம்ப சாதாரணமா சொல்றார், கிளறிக் குவிச்சு சும்மா விட்டா பரலும் பரலும் தொட்ட இடத்துல தானாவே ஒட்டி வளந்து இறுகிடுமாம், குளிர்லயும். அங்க கேம்ப் போறவங்க 'குவின்ஸி'ன்னு உள்ள படுக்கற மாதிரி ஒரு ஸ்நோ குடிசை இப்படித்தான் பண்றாங்க, குவிச்சு, சில மணி நேரம் இறுக விட்டு, வெளிலேருந்து 30 சென்டிமீட்டர் குச்சிகளைச் சுத்தியும் சொருகிட்டு உள்ள குடைஞ்சுட்டே போவாங்களாம், குச்சி முனை தெரிஞ்சா அங்க நிறுத்திக்கணும், சுவர் கனம் எல்லாப் பக்கமும் ஒண்ணா நிக்கும். அப்பா கேட்டா ரசிப்பார். வெறும் குச்சி, வேற அளவே வேணாம்.

எனக்கு உடனே ஆசை, கூரை போடலாமேன்னு. அண்ணன் முகம் மாறிடுச்சு. "கூரை வேண்டாம் தம்பி. சூடு ஏறேக்க அது அப்படியே இறங்கிப்போடும், பாரம் தாங்கேலாது. உள்ள பிள்ளையள்." இறுகின ஸ்நோ ஒரு கன மீட்டர் முந்நூறு, நானூறு கிலோன்னு அப்புறம்தான் படிச்சேன், படிச்சப்ப வயித்தைக் கலக்கிச்சு. அக்காவும் ஏற்கனவே ஒரு கண்டிஷன் போட்டிருந்தா, வீட்டு முன்னாடி ரோட்டு ஸ்நோவை பிளவ் வண்டி ஓரமா தள்ளிட்டுப் போற மேடு எவ்வளவு ஆசையா இருந்தாலும் அதுல பிள்ளைங்க கை வைக்கக்கூடாது, வண்டிக்காரருக்கு உள்ள ஆள் இருக்கறது தெரியாது. அதனால திறந்த கோட்டை. பழைய மேட்டை முன்பக்கம் மட்டும் செதுக்கி சிம்மாசனம் ஆக்கினோம், புதுச் சுவர் அதுலேருந்து ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி.

நாலு வரிசை வந்ததும் சின்னவன் உட்கார்ந்தா தலை மறைஞ்சுது. எதிரியைப் பாக்க ஓட்டை வேணும்னான். சமையல்கட்டுக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துட்டு வந்தேன், திருகித் திருகிக் குத்தினா வட்டமா கச்சிதமா ஓட்டை விழுது, உள்ள வர்ற ஸ்நோவைத் தட்டினா இட்லி மாதிரி உருண்டு வெளில வருது. எந்த டம்ளர்னு நான் பாக்கல. அங்கதான் தப்பு.

அப்புறம் அலங்காரம். ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி ஊத்தி அக்காவோட கேசரிப் பவுடரைக் கலந்து சுவருக்கு அடிச்சோம், ஆரஞ்சுல கோட்டை தகதகன்னு நின்னுச்சு, கூடவே ரெண்டு பிள்ளைங்க மிட்டன், என் ஜாக்கெட் கை, பின்வாசல் மிதியடி எல்லாம் ஆரஞ்சு. அதுக்கு வாங்கின திட்டை எழுத முடியாது. அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடுச்சு, ராத்திரி திரும்ப குளிர் இறங்கினதும் அடிச்ச தண்ணியெல்லாம் கண்ணாடி மாதிரி உறைஞ்சு, காலைல நான் சுவர் மேல ஏறி உட்கார்ந்தேன், விழல. எண்பத்தி நாலு கிலோ. அப்பாவுக்கு வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பினா பதில் ஒரே வரி: "நூல் பிடிக்கலையோ? வலது பக்கம் வயிறு தள்ளிருக்கு."

தெருப்பிள்ளைங்க ஆறேழு பேரு வந்து சனிக்கிழமை சண்டை நடந்துச்சு. ஐஸ் கட்டி எறியக்கூடாது, முகத்துக்கு எறியக்கூடாதுன்னு பெரியவ ரூல் போட்டா, முதல் உருண்டை என் முகத்துக்குத்தான் வந்துச்சு. கோட்டை பிடிபடல, நான்தான் பிடிபட்டேன்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் அக்கா பாத்திரத்தையெல்லாம் கவுத்துப் போட்டுத் தேடறா. "அம்மா டம்ளரைப் பாத்தியா?" கல்யாணச் சீர்ல அம்மா குடுத்தது, விளிம்புக்குக் கீழ அம்மா பேரு வெட்டினது, அவ தினமும் காபி குடிக்கறது. எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு, குளிரால இல்ல. டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்தேன், ஓட்டை ஓட்டையா கை விட்டேன், அதுக்கு மேல இன்னும் ஒரு அடி புது ஸ்நோ வேற கொட்டியிருந்துச்சு. கிடைக்கல. நானும் சொல்லல. பிள்ளைங்களும் சொல்லல, அந்த விஷயத்துல ரொம்ப நல்ல பிள்ளைங்க.

ஏப்ரல் முதல் வாரம், தென்காசில வெயில் மண்டையைப் பிளக்குது, அக்காகிட்டேருந்து ஒரு போட்டோ. பின்பக்கம் புல்லு எல்லாம் பழுப்பா நனைஞ்சு கிடக்கு, சிம்மாசனம் இருந்த இடத்துல மட்டும் ஆரஞ்சு கலர்ல ஒரு கைப்பிடி ஸ்நோ, அதுக்குப் பக்கத்துல சாஞ்ச மாதிரி டம்ளர், உள்ள கால்வாசித் தண்ணி, அம்மா பேரு நேரா கேமராவைப் பாத்துட்டு.

கீழ ஒரு வாய்ஸ் நோட். இன்னும் கேக்கல.