எஸ்டி வந்தாச்சு

ரொம்ப நாளா தேடிட்டு இருந்த பழைய எஸ்டி ரோட்கிங் பைக் ஒருவழியா கெடச்சிருச்சு, அத செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா ஃபேக்டரி 1996ல மூடுனதுக்கப்புறம் இவ்ளோ சுத்தமா ஒரு வண்டிய பாக்குறதே அபூர்வம், டேங்க்குள்ள டார்ச் அடிச்சு பாத்தேன், துருவே இல்ல, அதுக்காகவே பெருசா பேரம் பேசாம வாங்கிட்டேன். சும்மா நின்னுட்டே இருந்த வண்டில்ல, கார்புரேட்டர் ஜெட்டெல்லாம் (பெட்ரோல் போற சின்ன ஓட்டைங்க) பழைய பெட்ரோல் பிசுக்கு, அத கழட்டி க்ளீன் பண்ணி, ஸ்பார்க்குக்காக கரண்ட்ட வெட்டி விடுற பாயிண்ட்ட உப்புத்தாள்ல தேய்ச்சு அதோட கேப்ப சரியா வச்சதும்தான் ஸ்பார்க் நல்லா நீலமா வந்துச்சு. டயரு, ட்யூபு, பிரேக் ஷூ எல்லாமே புதுசு, இதுல கஞ்சத்தனம் ஆகாது. கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான், உள்ள அழுத்தி மேல திருப்புனா கிக்கர், தெரியாதவன் ஓட்டக் கேட்டா முழிப்பான் (அதுவும் நல்லதுக்குத்தான்). 15 வருஷம் தாண்டுன வண்டி, ஆர்சி ரினியூவல் முடியாம ரோட்டுல எறக்க முடியாது, அடுத்த வாரம் ஆர்டிஓ ஆபீஸ்.