இல்லை, இருக்காது

அன்று இரவு எங்கள் மெயில் சர்வரின் க்யூ, அதாவது அனுப்பப்படக் காத்திருக்கும் கடிதங்களின் வரிசை, நிரம்பிக் கிடந்தது. என் மேலதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "உள்ளே நல்ல மெயில் ஏதாவது இருக்காப்பா?"

"இருக்காது சார்" என்றேன்.

"அப்போ அழிச்சிடு" என்றார். அழித்தேன்.

மெயில் சர்வர் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் ஓடியது சென்ட்மெயில் 8.8 என்ற மெயில் மென்பொருள். யார் யாருக்கு அனுப்பினாலும் வாங்கிக் கடத்திவிடும். ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குச் செய்யும் உபகாரமாகத்தான் அது தொடங்கியது. 1998-ல் வந்த 8.9-ல்தான் அந்தக் கதவை மூடியே கொடுத்தார்கள். நாங்கள் இன்னும் மாறவில்லை. யாரோ கதவைக் கண்டுபிடித்து, எங்கள் வழியாக விளம்பரக் கடிதங்களைக் கொட்டிவிட்டார்கள். க்யூ நிறைந்தது, டிஸ்க் நிறைந்தது. புதிதாக வருகிற மெயிலுக்கெல்லாம் 452, இடமில்லை என்ற பதில். விளம்பரக் கடிதம் அனுப்பும் சர்வர்களை ஒதுக்கும் தடுப்புப் பட்டியலிலும் எங்கள் முகவரி ஏறிவிட்டது.

நான் "இல்லை" என்று சொல்லவில்லை. "இருக்காது" என்றுதான் சொன்னேன். பல வருடம் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இல்லை என்றால் பார்த்துவிட்டுச் சொல்வது. இருக்காது என்றால் ஊகம். கேட்பவர் மேலே ஒரு கேள்வி கேட்கலாம். அவர் கேட்கவில்லையே, அது என் தப்பா? ஆனால் அந்த நேரத்தில், அந்தக் களைப்பில், அவர் காதில் அது "இல்லை" என்றுதான் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதும் இல்லை.

கண்டிப்பாகத் தெரிந்தது ஒன்று உண்டு. க்யூவில் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு கோப்பு: 'கியூஎஃப்' என்று தொடங்குவதில் அனுப்புநர், பெறுநர், தலைப்பு வரிகள், 'டிஎஃப்'-இல் கடிதத்தின் உடல். கேள்வி வருவதற்குச் சற்று முன்னால் நாலைந்து கியூஎஃப் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தேன். அதில் ஒன்று எங்கள் பயனர் ஒருவருடையது. பொருள் வரியைப் படித்தேன். அது விளம்பரம் இல்லை.

அப்படியிருக்க ஏன் அப்படிச் சொன்னேன்? நியாயம் இல்லாமல் இல்லை. அழித்ததால்தான் விடிவதற்குள் சர்வர் எழுந்தது. அத்தனை பேருக்கும் மெயில் வரத் தொடங்கியது. சில கடிதங்களுக்காக எல்லோரையும் காக்க வைத்திருக்க முடியுமா? இதைச் சொல்லிச் சொல்லி நானே நம்பியும் இருக்கிறேன்.

ஆனால் அழிக்காமலும் செய்திருக்கலாம். க்யூ டைரக்டரியின் பெயரை மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து, பழையதைப் பிறகு மெதுவாக ஓட்டலாம். சென்ட்மெயிலின் கையேட்டிலேயே இருக்கும் வழி. டிஸ்க் நிறைந்திருந்ததால் குப்பையில் கொஞ்சத்தை முதலில் களைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 452 வாங்கிய சர்வர்கள் எப்படியும் கடிதத்தைத் தங்களிடமே வைத்திருந்து மறுபடி முயலும். எங்கள் சர்வர் இன்னும் சில மணி நேரம் கிடந்திருந்தாலும் வெளியிலிருந்து வரும் கடிதம் தொலைந்திருக்காது. தொலையக்கூடியவை நாங்கள் ஏற்கனவே 250, அதாவது சரி என்று பதில் சொல்லி வாங்கிக்கொண்டவை மட்டும்தான்.

அந்த 250 எனக்கு அப்போது வெறும் எண். இணையக் கணினிகளுக்கான விதிகளைச் சொல்லும் ஆவணம், 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1123. அதை ஒழுங்காகப் படித்தது அப்புறம்தான். 250 சொன்ன சர்வர் கடிதத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது, அற்பக் காரணத்துக்காக அதைத் தொலைக்கக் கூடாது என்கிறது அது. அற்பக் காரணத்துக்கு அது காட்டும் உதாரணங்களில் ஒன்று, டிஸ்க் இடம் போன்ற வளங்களில் முன்பே கணித்திருக்கக்கூடிய பற்றாக்குறை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். அனுப்பினேன், போய்ச் சேரலையாம், திரும்பியும் வரலை என்றார். திரும்பாதுதான். திருப்பி அனுப்ப வேண்டிய சர்வரிலிருந்தே நான் அதை அழித்துவிட்டேன். "மறுபடி அனுப்பிப் பாருங்க சார்" என்றேன். நகல் வைக்கலையே என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் திறந்து பார்த்த கடிதம் அவருடையதா என்று கேட்டிருக்கலாம், பொருள் வரி நினைவிருந்தது. கேட்கவில்லை.

க்யூ போனாலும் சர்வர் எழுதிவைக்கும் பதிவேடான லாக் இருந்தது. யார், யாருக்கு, எப்போது என்று எல்லாம் அதில் உண்டு. அன்று மாலையே எங்கள் பயனர்களை மட்டும் பிரித்தெடுத்து, நிலுவையில் இருந்த கடிதம் அழிந்துபோனவர்களின் பட்டியல் போட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். இவர்களுக்கு எழுதிவிடலாமா என்றேன். அவர் பட்டியலை முழுக்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இருக்காதுன்னு சொன்னியேப்பா" என்றார். அதட்டலாக இல்லை, மெதுவாகத்தான். கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவானது.

பட்டியலில் 41 பேர். கேட்டது அந்த ஒருவர்தான்.