யார் சொன்னது, தம்பி?

எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருந்த வாசிகசாலையை இந்த மலரை வாசிக்கும் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓட்டுக் கூரை, சீமெந்துத் திண்ணை, நடுவில் ஒரு நீள மேசை. காலையில் பேப்பர் வந்ததும் அதைத் தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். முன்பக்கம் கிடைத்தவர் உரத்து வாசிப்பார், திண்ணையில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் அச்சுத் தாளும் இல்லை. பக்கங்கள் குறைந்துகொண்டே போயின. கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிவந்த பேப்பரையும் நான் கையில் வைத்து வாசித்திருக்கிறேன். நீலக் கோட்டின் மேல் கறுப்பு எழுத்து ஏறி நிற்கும். அவ்வளவு கஷ்டப்பட்டு அச்சடித்த ஒரு தாளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்க யாருக்கும் மனம் வராது.

1992இல் நாங்கள் பத்தாம் ஆண்டு. அப்போது எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர், எழுபதுகளில் ஒரு பத்திரிகைக்குப் பிராந்திய நிருபராக இருந்தவர். தன் பெயரை எங்கும் போடுவது அவருக்குப் பிடிக்காது. எழுதிய நாள்களிலும் ‘நமது நிருபர்’ என்றுதான் போட்டார்களாம். அதனால் நானும் பெயரைச் சொல்லவில்லை, எங்கள் காலத்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

ஒரு நாள் அவர் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் பேப்பரின் ஒரு பக்கத்தோடு வகுப்புக்கு வந்தார். மரண அறிவித்தல்கள் இருந்த பக்கம். எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் அதில் ஒன்றை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் நேற்றுக் காலமானார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார். இறுதிக் கிரியைகள் இன்று முற்பகல் 10 மணிக்கு அவரது இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் இன்ன மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். வாசித்து முடித்தேன்.

“இதில என்ன இல்லை எண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றார் சேர்.

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது, எல்லாம் இருந்தது. செத்த வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவருக்கு ஒரு சொல்லும் குறையவில்லை, ஒரு சொல்லும் கூடவில்லை. எழுதியவர் அழுதபடிதான் எழுதியிருப்பார், ஆனால் அழுகையை எழுதவில்லை. செய்தி எழுதும் முறையை நான் அந்த ஒரு பாடவேளையில்தான் பிடித்துக்கொண்டேன். பிறகு சேர் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த நாடுகளைக் காட்டினார். கனடா, ஜேர்மனி, சுவிஸ், இங்கிலாந்து. கடைசிப் பிள்ளைக்கு மட்டும் நாடு போடவில்லை. “பத்து வருசத்தில இந்த ஊருக்கு என்ன நடந்தது எண்டு முன்பக்கத்தில தேடாதையுங்கோ, இஞ்ச இருக்கு” என்றார். இன்றைக்கும் எந்தப் பேப்பரை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம் சுவர்ப் பத்திரிகை தொடங்கினோம். பழைய சாக்கட்டிப் பலகை ஒன்றில் கையெழுத்துத் தாள்களை ஒட்டி, வாசிகசாலைச் சுவரில் மாட்டினோம். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மாட்டலாம் என்றுதான் நாங்கள் கேட்டோம். ஊர் வாசிக்க வேண்டும் என்பதில் சேர் உறுதியாக இருந்தார்.

என்னுடைய முதல் செய்தி, பள்ளிக்கூடக் கிணற்றில் ஆடு விழுந்தது. ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய இனிய காலைப் பொழுதில்’ என்று தொடங்கியிருந்தேன். ஆடு கிணற்றடிக்கு வந்து சேரவே ஏழு வரி பிடித்தது. சேர் வகுப்பில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தார். “பேப்பரில இடம் போதாட்டி அடியில இருந்துதான் வெட்டுவாங்கள்” என்று சொல்லி, என் தாளைக் கீழிருந்து ஒரு விரற்கடை வெட்டினார். ஆடு உயிரோடு வெளியே வந்த வரி போய்விட்டது. இன்னொரு விரற்கடை வெட்டினார். ஆடு விழுந்ததே போய்விட்டது. மிஞ்சியது கதிரவன் மட்டும்.

சரி, திருப்பி எழுதினேன். ‘எமது பாடசாலைக் கிணற்றினுள் செவ்வாய்க்கிழமை காலை வீழ்ந்த ஆடு ஒன்று இரண்டு மணித்தியாலங்களின் பின் உயிருடன் மீட்கப்பட்டது.’ இதை எங்கே வெட்டினாலும் செய்தி நிற்கும். சேர் தலையாட்டிவிட்டு, “ஏன் விழுந்தது?” என்று கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. காவலாளி ஐயாவிடம் கேட்டேன், மாரியிலிருந்தே அப்படித்தான் என்றார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தண்ணி குடிக்கப் போகிற கிணறு அது. இரண்டாவது வரியாக அதை எழுதினேன். மூன்று நாளில் பெற்றோர் சிலர் கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து கட்டைக் கட்டிவிட்டார்கள். தடைக் காலத்தில் ஒரு பை சீமெந்து எடுப்பது எவ்வளவு பாடு என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

எழுதப் பழக்கியதை விட வாசிக்கப் பழக்கியதுதான் பெரிது என்று எனக்கு இப்போது படுகிறது. ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ ஆகிய மூன்று சொற்களையும் பேப்பரில் கண்ட இடமெல்லாம் சிவப்புப் பேனையால் கோடிடச் சொல்வார். கோடிட்ட இடத்தில் ஆளைக் காணோம் என்று அர்த்தம். “யார் சொன்னது, தம்பி?” என்பார். தமிழ் வினைச்சொல்லுக்குள் ஒருவர் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்ளலாம் என்பதை இலக்கண வகுப்பில் நான் படித்ததில்லை, அந்தச் சிவப்புக் கோடுகளில்தான் படித்தேன்.

இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. தம்பி சுற்றுவான், நான் காதைக் கொடுத்துக் கேட்டு எழுதுவேன். ஒரே குண்டுவீச்சை இலங்கை வானொலி ஒரு விதமாகச் சொல்லும், பிபிசி தமிழோசை இன்னொரு விதமாகச் சொல்லும், வெரித்தாஸ் வானொலி வேறு, இயக்கத்தின் வானொலியான புலிகளின் குரல் வேறு. கொப்பியில் நான்கு நிரல் கீறி, எத்தனை பேர் இறந்தார்கள், இறந்தவர்களை என்ன பெயரால் அழைத்தார்கள், யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று நிரப்பிக்கொண்டு போவோம். ஒருவருக்குப் பயங்கரவாதி, இன்னொருவருக்குப் போராளி. ஐந்தாவதாக ஒரு நிரலும் கீறச் சொல்லியிருந்தார் சேர். நான்கு பேருமே சொல்லாதது என்ன? அதைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் தணியும். எங்கள் ஊரிலேயே எழுத முடியாதவை இருந்தன என்பது எங்களுக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகையான உதயதாரகை வெளிவரத் தொடங்கிய 1841ஆம் ஆண்டை எங்களுக்கு மனப்பாடமாக்கியவரும் அவர்தான். 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் பணிமனை, 1981இல் பொது நூலகம் எரிந்த அதே நாள்களில் எரிக்கப்பட்டதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் இங்கே லண்டனுக்கு வந்த பிறகு, 2000 ஒக்ரோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் அவரது வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட செய்தியைத் தமிழோசையில் கேட்டேன். அதுவரை நான் தமிழோசையில் கேட்டுவந்த யாழ்ப்பாணச் செய்தி அவருடையது. 2006 மே மாதம் யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகையின் பணிமனைக்குள் துப்பாக்கியோடு புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். அடுத்த நாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அதன் பிறகும் பேப்பர் வந்தது. அந்தத் தாளை யார் எந்த நிலைமையில் அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான் செய்த பெரிய பிழையையும் இங்கே எழுத வேண்டும்.

1993 தொடக்கத்தில் ஒரு பின்னேரம், ரியூசன் முடிந்து வரும்போது இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனது காதில் விழுந்தது. நாளைக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கப் போகிறார்களாம். ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் ஊர் இருட்டில் கிடந்த நேரம். நான் ஓடிப்போய், ‘நாளை காலை மண்ணெண்ணெய் வழங்கப்படவுள்ளதாகத் தெரிவிக்கப்படுகிறது’ என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டேன். சேரிடம் காட்டவில்லை. செய்தியை முந்திக் கொடுக்கிற அவசரம்.

அடுத்த நாள் பத்து மணிக்குச் சேர் என்னை வகுப்பிலிருந்து எழுப்பிச் சங்கக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் நீளமான வரிசை. கடை பூட்டியிருந்தது. கான்களும் போத்தல்களும் கயிறு கட்டி வரிசையில் வைக்கப்பட்டிருந்தன. வரிசையின் நடுவில் ஓர் ஆச்சி, நீலக் கானைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தா. மூன்று கட்டை தூரம் நடந்து வந்ததாகச் சொன்னா. சேர் ஒரு சொல்லும் ஏசவில்லை. “நீ எழுதினதெண்டு நீயே போய்ச் சொல்லு” என்றார். ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஆச்சி ஒன்றும் பேசாமல் எழும்பிக் கானை எடுத்துக்கொண்டு நடந்தா.

பன்னிரண்டு நாள்களின் பின் உண்மையாகவே எண்ணெய் வந்தது. இந்த முறை மனேச்சரின் வீட்டுக்கே போய்க் கேட்டேன். எத்தனை மணிக்கு, ஒரு கூப்பன் மட்டைக்கு எவ்வளவு, எந்தப் பிரிவுக்கு எந்த நாள் என்று கேட்டு எழுதி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். நாலே நாலு வரி. ‘எனச் சங்கக்கடை முகாமையாளர் தெரிவித்தார்’ என்று முடித்தேன்.

பலகையில் ஒட்டிவிட்டுத் திரும்பினால் அந்த ஆச்சி வாசிகசாலைத் திண்ணையில் இருக்கிறா. எழுத்து வாசிக்க மாட்டா, பக்கத்தில் நின்ற ஒரு பெடியன் வாசித்துக் காட்டினான். கேட்டு முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தா.

“தம்பி, உது நீ போய்க் கேட்டு எழுதினதோ?”

“ஓம் ஆச்சி. மனேச்சரிட்டப் போய்க் கேட்டனான்.”

“எத்தினை மணிக்கெண்டவர்?”

“எட்டரைக்கு.”

“அப்ப நான் ஏழு மணிக்கு வெளிக்கிடுறன்” என்று சொல்லிக்கொண்டு எழும்பினா.