இரண்டு ஈஸ்ட்டுகள் சேரும்போது செல் சுவர் எப்படிக் கரைகிறது?

பூஞ்சைகளின் பாலினப் பெருக்கம் என்றதும் பேச்சு நேராகக் கருக்கள் இணைவதற்குப் போய்விடுகிறது. அதற்கு முன் சுவர் கரையும் கட்டம்தான் செல்லின் உயிருக்கே ஆபத்தானது.

ரொட்டி ஈஸ்ட்டின் சுவர் 100 முதல் 200 நானோமீட்டர் தடிமன். பெரும்பகுதி பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி. மேலே சர்க்கரை இணைந்த மன்னோபுரதப் போர்வை. பூச்சி ஓட்டிலும் இருக்கும் கைட்டின் 1–2 சதவீதமே. உள்ளிருந்து நீரழுத்தம் இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருப்பதால், தவறான இடத்தில் சுவர் இளகினால் செல் வெடித்துவிடும்.

'ஏ', 'ஆல்ஃபா' என்ற இரு வகைச் செல்களும் ஒன்றன் ஃபெரோமோனை (துணையை அழைக்கும் வேதிச் சமிக்ஞையை) மற்றொன்று உணர்ந்து, பிளவுறுவதை நிறுத்தி, துணை இருக்கும் பக்கம் மூக்குப்போல நீள்கின்றன. நுனிகள் தொட்டதும் சுவர்கள் முதலில் கரைவதில்லை, ஒட்டிக்கொள்கின்றன. தொடும் வட்டத்தின் விளிம்பு ஒரே சுவராக இறுகுகிறது. அதன்பின் இருபுறமும் நொதிகளைச் சுமந்துவரும் நுண்பைகள் குவிகின்றன. குளுக்கானை வெட்டும் குளுக்கனேஸ் நொதிகள் வட்டத்தின் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சுவரை அரிக்கின்றன. விளிம்பு கடைசிவரை மூடியே இருக்க வேண்டும். எனக்கு இந்த முழு நிகழ்விலும் மிக அழகானது இந்த வரிசைதான்.

எதிரே துணை இருப்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? நடுவில் பிளந்து பெருகும் மற்றோர் இனமான பிளவு ஈஸ்ட்டில் நுண்பைகளை நுனிக்குக் கொண்டுவருவது ஆக்டின் என்ற புரத இழைகளின் ஒரு குவியம். ஃபெரோமோன் சமிக்ஞை அந்த இடத்திலேயே செறிந்தால்தான் குவியம் நிலைபெறும். தன் ஃபெரோமோனைத் தானே உணரும்படி மாற்றப்பட்ட செல், துணையே இல்லாமல் சுவரைத் திறக்க முயன்று வெடித்துச் சாகிறது.

ரொட்டி ஈஸ்ட்டில் செல்கள் இணைவதைப் பார்க்க, ஒரு வகையின் சைட்டோபிளாசத்தில் பச்சை ஒளிர் புரதம் இருக்கட்டும். வளர்ச்சி வேகத்தில் உள்ள செல்களைச் சம எண்ணிக்கையில் கலந்து, 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் இறக்கி, தாளை ஒய்பிடி அகார் (ஈஸ்ட் வளர்க்கும் சத்துக்கூழ்) மேல் 30 டிகிரியில் சுமார் 3 மணி நேரம் வையுங்கள். பிறகு 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திப் பாருங்கள். ஜோடி முழுக்கப் பச்சையென்றால் இணைந்துவிட்டது. பாதி மட்டும் பச்சையென்றால் நடுவில் தடை இருக்கிறது.

முற்றிய வளர்ப்பிலிருந்து எடுத்தால் ஜோடிகளே குறையும். நேரத்தை நீட்டினால் மெதுவாக இணையும் பிறழ்வுச் செல்களும் இணைந்துவிடும், குறை கண்ணில் படாது. செல் இணைவுக்குத் தேவையான ஃபஸ்1, ஃபஸ்2 மரபணுக்களைச் சோதிப்பவர்கள் இரு பெற்றோரிலும் பிறழ்வு இருக்கும்படி கலக்க வேண்டும். ஒரு பக்கம் இயல்பான செல் இருந்தால் பெரும்பாலும் அதுவே ஈடுகட்டிவிடும்.

பாதிப் பச்சை என்றாலே சுவர் நிற்கிறது என்று எழுதிவிடாதீர்கள். சவ்வுகள் இணைய உதவும் ப்ரம்1 புரதம் இல்லாத ஜோடிகளில் சுவர் முழுக்கக் கரைந்தும் சவ்வுகள் ஒட்டியபடியே நின்றுவிடுவதுண்டு. சில ஜோடிகள் அங்கேயே வெடிக்கும்; ஊடகத்தில் கால்சியத்தைக் குறைத்தால் வெடிப்பவை கூடும். சுவரா சவ்வா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு செய்யுங்கள்.