சிங்கிள் காலத்தில் அடங்காத சொல்

2018 ஜனவரி 29, ராத்திரி. வெளிநாட்டுப் பக்கம் முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த பையன் ஏஜென்சி செய்தி ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்து நீட்டினான். தலைப்பு: ‘இந்திரா காந்தி வழக்கில் மலேசிய நீதிமன்றம் பரபரப்புத் தீர்ப்பு’. பக்கம் போடுகிறவர் எட்டிப் பார்த்துச் சிரித்தேவிட்டார். “அந்தம்மா போய்ச் சேர்ந்து முப்பத்து மூணு வருஷம் ஆச்சு தம்பி. மலேசியாவுல என்ன வழக்கு?”

பையன்மேல் தப்பில்லை. வழக்குப் போட்டவர் பெயரே அதுதான். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை, தமிழ்ப் பெண். 2009இல் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதம் இல்லாமலே மதம் மாற்றிச் சான்றிதழும் வாங்கிவிட்டார். கடைக்குட்டிக்கு அப்போது பதினோரு மாதம். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது சிவில் நீதிமன்றம். தந்தைக்கே உரிமை என்றது ஷரியா நீதிமன்றம். ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவதில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 1988இல் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 121(1ஏ) என்றொரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். ஷரியா நீதிமன்றத்தின் படியேறவோ முஸ்லிம் அல்லாத அந்தத் தாய்க்கு வழியில்லை. ஒன்பது வருஷம் இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைந்தார். அன்றைக்குத்தான் அந்நாட்டின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும், அந்தச் சான்றிதழ்கள் செல்லாது.

தலைப்பில் ‘ஈப்போ ஆசிரியை’ என்று மாற்றியதும் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. அடுத்த பத்தியில் நானே மாட்டிக்கொண்டேன். வழக்கின் மையம் மலேசிய அரசியல் சட்டத்தின் 12(4) பிரிவு. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை யார் தீர்மானிப்பது என்று சொல்கிற வரி அது. ஆங்கிலத்தில் அங்கே ‘பேரன்ட்’ என்று ஒருமையில் இருக்கிறது. மலாய் வடிவத்தில் ‘இபு அதாவ் பாபா’, அதாவது தாய் அல்லது தந்தை. ஒருவர் போதும் என்று 2007இல் அதே கூட்டரசு நீதிமன்றம் இன்னொரு தமிழ்த் தாயின் வழக்கில் சொல்லியிருந்தது. 2018இல், ஒருமை என்றால் பன்மையும் அதில் அடக்கம் என்று படித்துத்தான் இருவரும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பையன் எழுதியிருந்தது: ‘பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் தீர்மானிக்கலாம்.’ ஒரு குறையும் இல்லாத தமிழ். ஆனால் தமிழில் ‘பெற்றோர்’ பன்மை. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஒருமையே புழக்கத்தில் இல்லை. ஆக, அந்த வரியைத் தமிழில் படிக்கிறவருக்கு வழக்கே விளங்காது. பெற்றோர் என்று சட்டத்திலேயே இருக்கிறதே, பிறகு எதற்கு அந்த அம்மா ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார் என்று கேட்பார். நாங்கள் சும்மா மொழிபெயர்த்ததிலேயே தாய் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தச் சொல்லை ‘தாயோ தந்தையோ’ என்றும் ‘தாயும் தந்தையும்’ என்றும் இரண்டு விதமாகப் படிக்கலாம் என்று விளக்கப் போனதில் செய்தி நான்கு வரி கூடிவிட்டது. பக்கம் போடுகிறவர் முறைத்தார். பங்குச் சந்தைச் செய்தியில் நான்கு வரியை வெட்டினோம்.

தமிழ் இந்த விஷயத்தில் நியாயமான மொழி என்று பெருமைப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன். ‘பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்’ என்று அச்சிட்டு, கீழே ஒரே ஒரு கோடு. அதில் எப்போதும் என் கையெழுத்துதான். என் மனைவி ஒரு தடவைகூடப் போட்டதில்லை. நம் ஊர்ச் சட்டமும் அந்த ஒற்றைக் கோட்டுக்குத் தோதாகத்தான் எழுதப்பட்டிருந்தது. 1956ஆம் வருஷத்து இந்து இளவர் பாதுகாவலர் சட்டப்படி இயற்கையான காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பிறகு’ தாய். பிறகு என்றால் அவர் செத்த பிறகா? கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், அவர் இல்லாத நிலையில் என்று அதற்குப் பொருள் சொன்னது. ஒரு சொல்லை நெகிழ்த்தித்தான் அங்கேயும் காரியம் நடந்தது.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த டெஸ்க்கில் இருக்கிறேன். பாரீஸ், ஸ்ட்ராஸ்பூர்க், வாஷிங்டன் தீர்ப்புகளெல்லாம் நமக்கு இருட்டிய பிறகுதான் வரும். பக்கத்தைப் பூட்டுகிற அவசரத்தில் அகராதி பார்க்க நேரம் இருக்காது; கைக்குப் பழகிய சொல் தானாக வந்து விழும். மதம் சம்பந்தப்பட்ட சட்டச் செய்தியில் நான் தடுக்கி விழுந்த இடமெல்லாம் அப்படிப் பழகிய சொல்தான்.

முதல் விழுகை 2004 பிப்ரவரியில். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 494க்கு 36 என்ற வாக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நான் அப்போது புதுசு. சிங்கிள் காலம், அதாவது ஒரே பத்தி அகலம், இரண்டு வரித் தலைப்பு. ‘பிரான்ஸில் பர்தாவுக்குத் தடை’ என்று போட்டேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. தலைமை உதவி ஆசிரியர் ‘பலே’ என்றார்.

மறுநாள் மதியம் காரைக்காலிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பேத்தி பாரீஸ் பக்கத்தில் படிக்கிறாளாம். “தம்பி, காலையிலேர்ந்து ஊட்டுல பொம்பளைங்க அழுதுகிட்டு இருக்காங்க. பர்தாவுக்குன்னு யாரு சொன்னா? சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குள்ள முக்காடு கூடாது. அவ்வளவுதான். யூதப் பையனோட தொப்பியும் கூடாது, பெரிய சிலுவையும் கூடாது. தெருவுல யாரும் கேக்கமாட்டாங்க. காலேஜ்லயும் கேக்கமாட்டாங்க. கிறிஸ்தவங்க நடத்துற தனியார் பள்ளிக்கூடத்துக்குக்கூட இது கிடையாது.” என் தலைப்பில் மூன்று சொல். பிரான்ஸ் என்பது சரி, மற்ற இரண்டும் தப்பு.

மன்னிப்புக் கேட்டுவிட்டு, மதச்சார்பின்மைக் கொள்கைப்படி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அதுவும் இல்ல தம்பி” என்றார். “இங்க கலெக்டரு மாங்கனித் திருவிழாவுக்கும் வருவாரு, கந்தூரிக்கும் வருவாரு. இதுக்கு நீங்க மதச்சார்பின்மைன்னு பேரு வச்சிருக்கீங்க. அங்க சர்க்கார் உத்தியோகத்துல இருக்கறவன் உத்தியோக நேரத்துல எதுக்கும் வரமாட்டான். அதுக்கும் அதே பேரை வச்சா எப்படி?” அவர் சொன்ன பிரெஞ்சுச் சொல் ‘லாயிசித்தே’. இன்றுவரை அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிடமிருந்து பள்ளிக்கூடத்தையும் பதவியையும் பிடுங்குவதற்காக நடந்த நீண்ட சண்டையின் சூடு அதில் இருக்கிறது. 1905 டிசம்பரில் வந்த பிரிவினைச் சட்டம் அந்தச் சண்டையின் முடிவு. நம்முடைய சொல் வேறு சண்டையில் பிறந்தது.

அந்த லாயிசித்தேயும் பிரான்ஸ் முழுக்க ஒரே மாதிரி இல்லை என்பது பிறகு தெரிந்தது. 1905இல் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. திரும்பி வந்தபோதும் பழைய நடைமுறையே தொடரட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே பாதிரியாருக்கும் யூத குருவான ரப்பிக்கும் அரசாங்கச் சம்பளம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் அந்த அல்சாஸில்தான் இருக்கிறது.

2010 அக்டோபரில் பொது இடத்தில் முகத்தை மறைப்பதற்குத் தடைச் சட்டம் வந்தது. மறுபடியும் காரைக்கால் போன். “இப்ப உங்க பழைய தலைப்பு பாதி சரியாயிடுச்சு” என்று சிரித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தில் மதம் என்ற சொல்லே கிடையாது. முகத்தை மறைக்கும் உடை என்றுதான் இருக்கிறது. 150 யூரோ வரை அபராதம். 2014இல் அதை ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 15க்கு 2 என்று ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புக் காரணம் எடுபடவில்லை. ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற காரணம் எடுபட்டது. சக மனிதனுக்கு முகம் காட்டுவது சேர்ந்து வாழ்வதன் அடிப்படையாம். சேர்ந்து வாழ்தல் என்றால் தமிழ் வாசகர் கல்யாணம் ஆகாத ஜோடியைத்தான் நினைப்பார். ‘கூடி வாழ்தல்’ என்று போட்டுத் தப்பித்தேன். அந்த வாதம் எனக்கு இன்றும் செரிக்கவில்லை. பெரியவரிடம் கேட்கலாம் என்றால் அதற்குள் அவர் போன் வருவது நின்றிருந்தது.

அதே நீதிமன்றம், அதே 15க்கு 2, 2011 மார்ச்சில் இத்தாலிக்கு வேறு மாதிரி தீர்ப்பு சொல்லியிருந்தது. வகுப்பறைச் சுவரில் சிலுவை மாட்டியிருப்பது தன் பிள்ளைகளின் உரிமையை மீறுகிறது என்று லவுட்சி என்ற தாய் போட்ட வழக்கு. 2009இல் சிறிய அமர்வில் அவருக்கு வெற்றி. பெரிய அமர்வு அதைத் திருப்பிப் போட்டது: சிலுவை இருக்கலாம், அடிப்படையில் அது செயலற்ற சின்னம்தான். எங்களிடம் அப்போது மெய்ப்புப் பார்த்தவர் தூத்துக்குடிக்காரப் பெண்மணி, கத்தோலிக்கர். ப்ரூஃபை என் மேஜையில் வைத்தார். ‘சிலுவை’ எல்லா இடத்திலும் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருந்தது. “படத்தைப் பாருங்க சார். சாமி தொங்குது. இது பாடுபட்ட சுரூபம். வெறும் சிலுவைன்னா ரெண்டு கட்டை.”

மாற்றினேன். மாற்றிய பிறகு வாக்கியத்தைப் படித்தால் இடித்தது: ‘பாடுபட்ட சுரூபம் செயலற்ற சின்னம்தான் என்று நீதிபதிகள் கூறினர்.’ அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஜெயிச்சது நம்ம பக்கம்தானே?” என்றேன். “என்னத்த ஜெயிச்சது? அது ஒண்ணும் செய்யாது, இருந்துட்டுப் போகட்டும்னுல்ல சொல்லியிருக்காங்க.” சுவரில் ஆணி பத்திரம், மாட்டியிருந்தது போய்விட்டது என்கிற மாதிரி அவர் முகம் இருந்தது.

நம் நாட்டுத் தீர்ப்புகளில் என்னைப் படுத்துகிற சொல் ‘எசென்ஷியல்’. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாத வழக்கம் என்று பார்க்கிற அளவுகோல் 1954இல் சிரூர் மடம் வழக்கில் வந்தது. மடம் உடுப்பியைச் சேர்ந்தது, எதிர்த்தரப்பு சென்னையின் இந்து அறநிலைய ஆணையர். எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அதிலிருந்து நீதிபதிகளே சாஸ்திரம் புரட்ட ஆரம்பித்தார்கள். 2022 அக்டோபரில் கர்நாடக ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்பு எழுதிய அன்று, டெஸ்க்கில் ஒருவர் ‘அத்தியாவசிய மத வழக்கம்’ என்று அடித்திருந்தார். பருப்பு, பாமாயில் ஞாபகம்தான் வந்தது. ‘இன்றியமையாத’ என்று திருத்தினேன். அதுவும் கொஞ்சம் பரீட்சைத் தமிழ்தான்.

இதற்கெல்லாம் நடுவில், நினைத்தால் இன்றும் கூசுவது 2020இல் நான் எழுதிய ஒரு சொல். கொரோனாவில் இறந்தவர்கள் எந்த மதமானாலும் உடலை எரிக்கத்தான் வேண்டும் என்று இலங்கை அரசு அந்த ஏப்ரலில் கெஸட்டில் போட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் போட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் டிசம்பர் தொடக்கத்தில் விசாரணைக்கே ஏற்கவில்லை. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ தடவை ‘உடல் தகனம் செய்யப்பட்டது’ என்று எழுதினேன். தகனம் மரியாதையான சொல். என் அப்பாவுக்கு அதைத்தான் எழுதினோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளை இணையத்தில் பார்த்தால் அவர்கள் ‘ஜனாஸா எரிப்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜனாஸா என்றால் இறந்த முஸ்லிமின் உடல். எரிப்பு கொஞ்சம் முரட்டுச் சொல்லாக இருக்கிறதே, நம் நடைக்கு ஒத்துவராது என்று நான் தாண்டிப் போனேன்.

பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தை ஒன்றை டிசம்பரில் கொழும்பு பொரளை மயானத்தில் எரித்தார்கள். அடுத்த நாட்களில் அந்த மயானத்தின் வேலிக் கம்பியில் ஜனங்கள் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் படம் எங்களுக்கு வந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். ‘கொழும்பில் தகன விவகாரம்: வெள்ளைத் துணி கட்டி மக்கள் எதிர்ப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பக்கம் போட்டவர் கீழக்கரைப் பையன். அதிகம் பேசமாட்டான். வரியைப் படத்துக்குக் கீழே ஒட்டினான். மௌஸை அப்படியே வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரமாகிறதே என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“சார்,” என்றான் திரும்பாமலே. “அது வெள்ளைத் துணி இல்ல. கபன் துணி.”

இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிச் சுற்றுகிற துணி. அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போனது. ‘வெள்ளை’யை எடுத்துவிட்டுக் ‘கபன்’ என்று அவனே அடித்தான். பிறகு ‘தகன’ என்பதில் கர்சரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அதையும் எடுக்கச் சொன்னேன். ‘எரிப்பு’ என்று அடித்தான். ஒரு எழுத்துதான் கூடியது. காலத்தில் இன்னும் இடம் இருந்தது.