ஒன்பதாவது வெற்றி: லூயிஸ் அன்சர் குறிப்புகள்

ஜூன் 8

பைக்ஸ் பீக் மலையேற்றக் கார் பந்தயத்தின் பழைய வெற்றியாளர் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: லூயிஸ் அன்சர். 1934-இல் ஒன்று, 1936 முதல் 1939 வரை வரிசையாக நான்கு, அப்புறம் 1941. போர் முடிந்து 1946-இல் பந்தயம் மறுபடி தொடங்கியபோதும் அவரே. 1947-லும் அவரே. சரி, எட்டு ஆயிற்று. எனக்கு ஆர்வம் ஒன்பதாவதில்தான்.

ஜூன் 11

இடம் அமெரிக்காவின் கொலராடோ. ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற பணக்காரர் மலையில் சாலை போட்டார். அது நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று 1916-இல் பந்தயமும் வைத்தார். தூரம் 20 கிலோமீட்டர், 156 வளைவுகள். தொடங்கும் இடமே சுமார் 2,860 மீட்டர் உயரம், முடிவது 4,300-இல். லூயிஸ் காலத்தில் தார் கிடையாது, வெறும் சரளை. ஓரத்தில் தடுப்பும் இல்லை. மேலே ஓரிடத்துக்குப் பெயரே ‘அடியில்லாப் பள்ளம்’. பெயர் வைத்தவர் எட்டிப் பார்த்திருப்பார் போல.

ஜூன் 15

இன்று முழுக்க எஞ்சின் விஷயம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. உச்சியில் சாதாரண எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இழந்துவிடும். கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. காற்று குறைந்த அளவுக்கு அது எரிபொருளைக் குறைக்காது. கீழே சரியாக இருக்கும்படி ஜெட் (எரிபொருள் வரும் சிறு துளை) வைத்தால் மேலே எஞ்சின் திணறும். மேலே சரியாக வைத்தாலோ கீழே எரிபொருள் போதாது. எங்கே நஷ்டப்படுவது என்று ஓட்டுநர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

1946, 1947 இரண்டிலும் லூயிஸ் ஓட்டியது மசெராட்டி 8 சி.டி.எஃப். 3 லிட்டர், எட்டு சிலிண்டர், இரண்டு சூப்பர்சார்ஜர். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் எஞ்சின், இந்த மலைக்கென்றே செய்தது போல. இதே ரக வண்டியில்தான் வில்பர் ஷா, அமெரிக்காவின் பெரிய ஓவல் (நீள்வட்ட) தடப் பந்தயமான இண்டியானாபொலிஸை 1939, 1940-இல் வென்றார். ஓவல் தடத்தில் பேர் வாங்கிய இத்தாலிய வண்டியைச் சரளையில் ஏற்றத் தனித் துணிச்சல் வேண்டும். 1947-இல் தேசிய சாம்பியன்ஷிப் புள்ளிகள் இந்த மலைக்கும் உண்டு, இண்டியானாபொலிஸுக்கும் உண்டு. இன்று யோசித்தால் விசித்திரம்தான்.

ஜூன் 19

1948 முதல் 1951 வரை ஆல் ராஜர்ஸ், தொடர்ந்து நான்கு முறை. 1952-இல் ஜார்ஜ் ஹாமண்ட். லூயிஸ் பிறந்தது 1896. அவர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1953-இல் ஜெயித்தார், 57 வயதில்.

அதிர்ஷ்டம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஓவல் தடத்தில் ஒரே வளைவு நூறு, இருநூறு முறை வரும்; முதல் சுற்றில் தவறினால் அடுத்ததில் திருத்தலாம். இங்கே ஒவ்வொரு வளைவும் ஒரே ஒரு முறை. அந்தச் சரளையை இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்கு இங்கே கூடுதல் மதிப்பு. இளைஞனின் வேகம் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும்.

ஜூன் 20

அன்சர் குடும்பம் இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. லூயிஸின் சகோதரர் ஜோ 1929-இல் வண்டி சோதனையில் இறந்தார். சகோதரர் மகன் ஜெர்ரி 1959-இல் இண்டியானாபொலிஸ் பயிற்சியில். லூயிஸ் 1979 வரை இருந்தார்.

ஜூன் 24

ஜெர்ரியின் தம்பி பாபி அன்சர் பிறந்தது 1934, லூயிஸ் முதன்முதலில் ஜெயித்த அதே வருடம். 1956-இல் பாபிக்கு முதல் மலை வெற்றி. 1958 முதல் 1963 வரை ஆறு தொடர் வெற்றிகள். 1964-இல் அதை நிறுத்தியது சொந்தத் தம்பி ஆல்! 1968-இல் 11 நிமிடம் 54.9 விநாடி: 12 நிமிடத்துக்குள் யாரும் ஏறியது அதுவே முதல் முறை. அதே வருடம் இண்டியானாபொலிஸும் அவருக்கே. மலையில் அது ஒன்பதாவது வெற்றி, லூயிஸுக்குச் சமம்.

பத்தாவதுக்கு 18 வருடம் ஆனது. 1986-இல் ஆடி குவாட்ரோ காரில் 11:09.22. அப்போது பாபிக்கு 52 வயது. எண்ணிக்கை அவருக்குப் போயிற்று. ஆனால் வயதில் லூயிஸை எட்டவில்லை. 2008-இல் ஜப்பானியர் நோபுஹிரோ தஜிமா 58 வயதில் ஜெயித்ததோடு அதுவும் போயிற்று. 2011-இல் 60 வயதிலும் அவர் ஜெயித்தார். சாலையில் கொஞ்சமாவது சரளை மிஞ்சியிருந்த கடைசிப் பந்தயம் அது.