கரண்டு பில்லிலிருந்து தொடங்கிய பாடம்

மலேசியாவின் கெடா மாநிலத்துக் கோல கெட்டிலைச் சுற்றி ரப்பர் பால்மரங்கள் நின்ற இடங்கள் பலவும் செம்பனையாகிவிட்டன. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமான் என்னும் புறநகர்க் குடியிருப்பு வீடுகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். கடை வரிசையொன்றின் மேல்மாடியில் இயங்கும் சிறிய கல்லூரி அது. வணிக நிர்வாக டிப்ளோமா மாணவர்களுக்கு நான் அங்கே நிதிக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். 2023ஆம் ஆண்டு அரசாங்கம் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை அறிவித்து, 2050க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததும், அத்துறைக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பாடம் ஒன்றைத் தொடங்கும்படி நிர்வாகம் என்னிடம் கேட்டது. நானும் தயங்காமல் ஒப்புக்கொண்டேன்.

முதல் கல்வித் தவணையில் நான் நடத்தியதைப் பாடம் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. பனிப்பாறை உருகும் படங்களைக் காட்டினேன். பாரிஸ் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். 'நிலைத்தன்மை' என்ற சொல்லை எத்தனை தடவை உச்சரித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. தேர்வில் எல்லாரும் நல்ல புள்ளிகள் வாங்கினார்கள். அவர்களுள் ஒருவன் சூரிய மின்தகடு பொருத்தும் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குப் போனான். அவன் முன்னால் ஒரு கரண்டு பில்லை வைத்து, "இந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடச் சொல்வாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். பையன் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறான். "சார், நீங்க சொல்லிக்கொடுத்ததெல்லாம் சொன்னேன் சார். அவங்க கேட்டது வேற," என்றான். என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. அதனாலேயே அது எனக்கு அதிகம் உறைத்தது.

அடுத்த தவணையில் அவரவர் வீட்டு கரண்டு பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். கிலோவாட்டுக்கும் கிலோவாட் மணிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, ரப்பர் மரத்துக் கோப்பையில் பால் சொட்டும் வேகத்தையும் தோட்டத்து ஸ்டோரில் அதை நிறுத்துப் பார்க்கும் எடையையும் உவமை காட்டினேன். பால்வெட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அதைவிடப் பொருத்தமான உவமை தோன்றவில்லை. வகுப்பில் ஒருவர்கூட ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பார்த்ததில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி, "இன்டர்நெட் ஸ்பீடும் மாச டேட்டாவும் மாதிரியா சார்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை.

பில்களை அருகருகே பரப்பி வைத்தபோது இன்னொன்றையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். சில பில்களில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கு 1.6 விழுக்காடு என்றொரு கட்டணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய மின் கொள்முதல் திட்டத்தில், சூரிய மின்சாரத்துக்கு 21 ஆண்டுகளும் கழிவிலிருந்து எடுக்கும் உயிர்வாயு மின்சாரத்துக்கு 16 ஆண்டுகளும் நிர்ணயித்த விலை தரப்படுவது இந்த நிதியிலிருந்துதான் என்று விளக்கினேன். பாடக்குறிப்பில் ஒரு வரியாக மட்டும் தெரிந்த கொள்கை, தங்கள் அப்பாவின் பில்லில் சில ரிங்கிட்டாக நிற்பதைப் பார்த்த பிறகு அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு தரத்தில் இருந்தன.

அந்தத் தவணையில் ஒரு மாணவியின் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவளுடைய அம்மாவிடம் சூரியத் தகடு விற்பனையாளர் ஒருவர் வந்து, 19,000 ரிங்கிட்டுக்குப் பொருத்தித் தருவதாகவும் இனி பில்லே வராது என்றும் சொல்லி, தவணை முறைக்குக் கையெழுத்தும் கேட்டிருக்கிறார். அம்மா கேட்டுக்கொண்டதால் நானும் மாணவியோடு போனேன். சாப்பாட்டு மேசையில் பில்லை வைத்து அவள்தான் கணக்குப் போட்டாள். மாதம் 250 யூனிட். 2025 ஜூலையில் கட்டண முறை மாறுவதற்கு முந்தைய விலையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 50க்கு 33.4 சென், மொத்தம் 60 ரிங்கிட் 30 சென். பில் முழுவதுமே பூஜ்யமானாலும் ஆண்டுக்கு மிச்சமாவது 723 ரிங்கிட் 60 சென். போட்ட காசு திரும்பி வர 26 ஆண்டுகளுக்குமேல் ஆகும். வட்டியை அவள் அதில் சேர்க்கவே இல்லை. தகட்டுக்கு அந்த நிறுவனம் கொடுத்த உத்தரவாதமே 25 ஆண்டுகள்தான். "வேணாம்மா, நம்ம வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது," என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். "பிள்ளை சொல்றது சரிதாங்க," என்றேன்.

பகல் முழுவதும் குளிரூட்டியும் குளிர்பெட்டியும் ஓடுகிற கடைத்தெருச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு அதே மாணவி போட்ட கணக்கில் முதலீடு ஏழு ஆண்டுகளுக்குள் திரும்பிவிட்டது. கடைக்காரரை வாங்கச் சொன்னாள். வாடிக்கையாளரிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர்களை இத்துறை விற்பனைக்கு எடுத்தால் எத்தனையோ வழக்குகள் மிச்சமாகும் என்பது என் கருத்து. மாதாந்திர விற்பனை இலக்கை வைத்திருக்கும் மேலாளர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றுக்கும் மாணவர்களை அழைத்துப் போனேன். ஊருக்கு அருகில் 50 மெகாவாட் சூரிய மின் பண்ணை இருக்க, ஏன் ஆலைக்கு என்று சக விரிவுரையாளர் கேட்டார். சூரியப் பண்ணையில் பார்க்க வரிசை வரிசையாகத் தகடுகள்தான் இருக்கும். வணிக மாணவன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய சிக்கலெல்லாம் ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் இருக்கிறது. ஒரு டன் செம்பனைக் குலையை ஆட்டினால் முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கழிவுநீர் வரும். அதில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு தரும். திறந்த குளத்தில் விட்டால் அதிலுள்ள மீத்தேன் வானத்துக்குப் போய்விடும். நாங்கள் பார்த்த ஆலையில் ஒரு குளம் காப்பி நிறத்தில் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் குளத்தை வாயுவைப் பிடிக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடியிருந்தார்கள், அது யானை முதுகுபோல் உப்பியிருந்தது. நாற்றம் தாங்காமல் இரண்டு பேர் பேருந்துக்கே திரும்பிவிட்டார்கள்.

மற்றவர்கள் மேலாளரை விடவில்லை. அந்த வாயுவை எரித்து எடுக்கும் மின்சாரத்தை யார் வாங்குகிறார், அருகிலுள்ள துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர், கம்பி இழுக்கும் செலவு யாருடையது என்று கேட்டார்கள். கம்பிச் செலவுதான் தங்களைத் தடுத்து வைத்திருக்கிறது என்று மேலாளர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அப்போது ஒருவன், "சார், செம்பனையை 25 வருசத்துக்கு ஒருக்கா மறுநடவு செய்றாங்க. ஒப்பந்தம் 16 வருசம். நடுவுல குலை குறைஞ்சா கேஸ் எங்கேருந்து வரும்?" என்றான். மேலாளர் சிரித்துவிட்டு, தம் வங்கி அதிகாரி கேட்ட முதல் கேள்வியும் அதுதான் என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவனுக்கு அந்தத் தவணைப் புள்ளிகளை முழுதாகக் கொடுத்திருப்பேன், விதிமுறை இடங்கொடுக்கவில்லை.

வேலை என்று பார்த்தால், எல்லாரும் தகடு விற்கப் போகவில்லை. பின்வரிசையில் இன்டர்நெட் உவமை சொன்ன பெண் ஒரு தோட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். 2020 முதல் மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டதால், டீசல், உரம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஆவணம் வைக்க ஆள் தேவைப்படுகிறது. வாங்குகிற பெரிய நிறுவனங்கள் கரிம வெளியேற்றக் கணக்கும் கேட்கின்றன. அவளுடைய தாத்தாவின் காலத்தில் காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் எழுதியும் ஸ்டோரில் பால் எடை எழுதியும் வந்த கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின், வேலைதான் இது. பேரேட்டுக்குப் பதில் கணினி, பாலுக்குப் பதில் கரிமம். தாத்தாவுக்குக் கிராணி வேலை கிடைக்கவே இல்லை, கடைசிவரை பால்மரம்தான் வெட்டினார் என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

போன மாதம் இரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. குலை ஏற்றும் லாரி குத்தகைக்காரருடையது, டீசல் மட்டும் தோட்டத்துத் தொட்டியிலிருந்து போகிறது; அந்த லிட்டர்களைத் தோட்டத்தின் நேரடிக் கரிமக் கணக்கில் எழுதுவதா, குத்தகைக்காரரின் கணக்கில் எழுதுவதா என்று கேட்டாள். தணிக்கை மறுநாள் காலையில். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி, குத்தகைப் பத்திரத்தில் லாரியின் கட்டுப்பாடு யார் கையில் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொன்னேன். "பத்திரம் ஆபீஸ் பீரோவுல இருக்கு சார், சாவி மேனேஜர்கிட்ட," என்றாள். அந்தக் கேள்வியை அப்படியே, பீரோச் சாவி உட்பட, இந்தத் தவணை மாணவர்களுக்கு முதல் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறேன்.